கடல்நீரில் ஈயம், காட்மியம் அளக்கப் போகிறீர்களா? பாட்டிலில் இருந்து தொடங்குங்கள்

எண்ணூர் முகத்துவாரத்துத் தண்ணீரில் ஈயம் எவ்வளவு இருக்கிறது என்று மின்வேதி சென்சாரை வைத்து அளக்க ஒரு மாதம் போதும் என்று நினைத்து இறங்கினேன். நம்பி வெளியே சொல்லக்கூடிய முதல் எண் கைக்கு வர பதினொரு மாதம் ஆனது. அதில் கருவியோடு மல்லுக்கட்டியது இரண்டு மாதம்கூட இருக்காது. மீதியெல்லாம் பாட்டில், அமிலம், கையுறை, அனுமதிக் கடிதம், கூரியர் என்று போனது. வழிகாட்டிப் புத்தகங்களில் இந்த மீதிக்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும். அதனால் இங்கே அதைத்தான் அதிகம் எழுதுகிறேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்முனைக்கு எதிர் மின்னழுத்தம் கொடுத்தால் நீரில் கரைந்திருக்கும் ஈயமும் காட்மியமும் அதன் மேல் உலோகமாகப் படியும். இரண்டு நிமிடம் படியவிட்டு, மின்னழுத்தத்தை மெதுவாக நேர்ப்பக்கம் நகர்த்தினால் ஒவ்வோர் உலோகமும் தனக்குரிய இடத்தில் கரைந்து வெளியேறும். அப்போது மின்னோட்டத்தில் ஒரு பீக் வரும். பீக் வரும் இடத்தை வைத்து எந்த உலோகம் என்றும், உயரத்தை வைத்து எவ்வளவு என்றும் சொல்லலாம். இதற்கு அனோடிக் ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி என்று பெயர். பேரளவு இயந்திரம் எதுவும் இல்லாமல் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம், அதற்கும் கீழே வரை போகலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி.

1. எந்த உலோகம், எவ்வளவு கீழே என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"எல்லா கன உலோகமும்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஈயம், காட்மியம் இரண்டோடு தொடங்குங்கள். பிஸ்மத் படலம் பூசிய கார்பன் மின்முனையில் இவை இரண்டும் தனித்தனியாக, அழகாக விழும். தாமிரத்தின் பீக் பிஸ்மத்தின் பீக்குக்குப் பக்கத்திலேயே வருவதால் அங்கே தலைவலி. துத்தநாகத்தையும் தாமிரத்தையும் ஒரே ஓட்டத்தில் அளக்கப் பார்த்தால், இரண்டும் மின்முனையிலேயே கூட்டுச் சேர்ந்துகொண்டு துத்தநாகத்தைக் குறைத்துக் காட்டும். பாதரசத்துக்குத் தங்க மின்முனை வேண்டும், பாட்டில்கூட வேறு. பாலித்தீன் வழியாகப் பாதரசம் உள்ளேயும் வரும், வெளியேயும் போகும். அதையெல்லாம் இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எந்த அளவுகோலோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பது. கடலோர நீரில் ஈயத்தின் ஆண்டுச் சராசரிக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 1.3 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 0.2. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் உவர்நீர் அளவுகோலில், நீண்டகாலப் பாதிப்புக்கு ஈயம் 8.1, காட்மியம் 7.9. இந்தியாவில் கடலோர நீரைப் பயன்பாட்டை வைத்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் இடம் எந்த வகுப்பில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான 10 மைக்ரோகிராமை எடுத்துவந்து கடல்நீருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் வைத்தேன், முதல் கருத்தரங்கிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

2. காகிதங்கள்: குறைந்தது ஆறு வாரம் ஒதுக்குங்கள்

மாதிரி எடுக்கப் போகும் இடம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். துறைமுக எல்லைக்குள் வந்தால் துறைமுக நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் பக்கம் போவதாக இருந்தால் அது கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பாட்டில் தண்ணீர்கூட எடுக்கக் கூடாது.

எண்ணூர் போன்ற இடத்துக்கு நான் கையில் வைத்திருந்தவை: கல்லூரியின் தலைப்புத்தாளில் ஆய்வின் நோக்கம், தேதிகள், இடங்களின் அட்சரேகை தீர்க்கரேகை எழுதிய கடிதம், போகிற எல்லோருடைய ஆதார் நகல், படகின் பதிவுச் சான்று நகல், படகோட்டியின் மீனவர் அடையாள அட்டை நகல். இதே காகிதக் கட்டு ஒன்றைக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் நிலையத்தில் முன்கூட்டியே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். அனல் மின்நிலையங்களும் துறைமுகங்களும் இருக்கும் கரையில் பாட்டிலோடு சுற்றினால் யாராவது வந்து கேட்கத்தான் செய்வார்கள். முத்திரை போட்ட அந்த ஒரு தாளால் இரண்டு முறை தப்பித்தேன்.

கடிதத்தில் ஒரே ஒரு தேதி போடாதீர்கள். வானிலை கெட்டால் மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். "இந்த மூன்று மாதத்தில் ஆறு நாட்கள்" என்கிற மாதிரி கேளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்து மாதிரியும் வேண்டும்தான், ஆனால் அதை முதல் பயணமாக வைக்காதீர்கள்.

3. கருவி: எதை வாங்கலாம், எதை இரவல் கேட்கலாம்

மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் பெட்டிக்குப் பொட்டென்ஷியோஸ்டாட் என்று பெயர். புதிதாக வாங்கினால் லட்சங்களில்தான் விலைப்புள்ளி வரும். அதனால் முதல் மூன்று மாதத்துக்கு இரவல் தேடுங்கள். அருகில் உள்ள கல்லூரிகளின் வேதியியல் துறையில் ஒன்று தூசி படிந்து கிடக்க வாய்ப்பு அதிகம். அரசு நிறுவனங்களில் இருக்கும் கருவிகளை ஐ-ஸ்டெம் இணையதளத்தில் தேடி முன்பதிவு செய்யலாம். மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் நம் காரைக்குடியில் இருக்கிறது. அங்கே யாரையாவது பிடித்து இரண்டு நாள் கூடவே நின்று பார்த்துவிட்டு வந்தால் ஆறு மாதம் மிச்சம்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று விலைப்புள்ளி வாங்குங்கள். அவற்றில் இவையெல்லாம் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள்: ஜிஎஸ்டி, சரக்குக் கட்டணம், மென்பொருள் உரிமம், இணைப்புக் கேபிள், ஓராண்டுப் பழுதுநீக்கம். எனக்குக் கருவி கொடுத்த விற்பனையாளர் பெட்டியை மட்டும் அனுப்பிவிட்டு, ஸ்கிரீன் பிரிண்டட் மின்முனைப் பட்டையைச் செருகும் கனெக்டர் தனி விலை என்றார். அது வர ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மின்முனையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, மூன்று மில்லிமீட்டர் கிளாஸி கார்பன் மின்முனை. விலை சில ஆயிரங்கள் ஆகும், ஆனால் பத்திரமாக வைத்திருந்தால் ஆண்டுக்கணக்கில் வரும். ஒவ்வொரு முறையும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். இன்னொன்று ஸ்கிரீன் பிரிண்டட் பட்டை. சர்க்கரை பார்க்கும் பட்டையைப் போலவே, செருகி அளந்துவிட்டுத் தூக்கிப் போடலாம். ஒரு பட்டை சில நூறு ரூபாய்தான் என்றாலும் பெட்டியாகத்தான் தருவார்கள், காலாவதித் தேதியும் உண்டு. பழக கிளாஸி கார்பன், படகிலேயே அளக்க பட்டை என்பது என் கருத்து. பட்டையில் தொடங்கியவர்கள் பலருக்கு, தப்பு எங்கே நடக்கிறது என்றே கடைசி வரை தெரிவதில்லை.

4. பாட்டில் கழுவுவது: ஒரு முழு வாரம்

என் கதையே இதுதான். முதல் பயணத்து மாதிரிகளில் ஈய பீக் கோபுரம் மாதிரி எழுந்தது. சந்தோஷத்தில் வழிகாட்டிக்குப் படம் அனுப்பினேன். "பிளாங்க் எங்கே?" என்று ஒரே கேள்வி கேட்டார். மாதிரிக்குப் பதில் சுத்த நீரை வைத்து அளப்பதுதான் பிளாங்க். அதே பாட்டிலில் சுத்த நீரை ஊற்றி வைத்து மறுநாள் அளந்தேன். அதே உயரத்துக்குப் பீக். நான் இத்தனை நாளும் அளந்துகொண்டிருந்தது எண்ணூரை இல்லை, என் பாட்டிலை.

செய்ய வேண்டியது இது. நிறமில்லாத மூடி போட்ட, அடர்த்தி குறைந்த பாலித்தீன் பாட்டில் வாங்குங்கள். சிவப்பு, மஞ்சள் மூடி வேண்டாம், அந்த நிறமிகளில் காட்மியம் இருக்கலாம். சோப்புத் திரவத்தில் ஒருநாள் ஊறவைத்து அலசுங்கள். பிறகு பத்து சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஐந்தாறு நாள் முழுவதுமாக மூழ்கியிருக்க வேண்டும், மூடியும் சேர்த்து. அப்புறம் 18.2 மெகாஓம் சுத்த நீரில் ஐந்து முறை அலசி, ஜிப் பையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பை போட்டு மூடுங்கள். பாட்டிலின் மேல் எழுதாதீர்கள், வெளிப்பையில் எழுதுங்கள்.

கையுறை பவுடர் இல்லாததாக இருக்கட்டும். பவுடர் போட்ட ரப்பர் கையுறையில் துத்தநாகம் கொட்டிக் கிடக்கும். அமிலத்திலும் இரண்டு தரம் வேண்டும்: பாட்டில் ஊறவைக்கச் சாதாரண ஆய்வகத் தரம் போதும், மாதிரியில் சேர்ப்பதற்கு நுண்ணளவு உலோகப் பகுப்பாய்வுக்கென்று விற்கும் உயர்சுத்தத் தரம். இது விலை பல மடங்கு. இங்கே மிச்சம் பிடித்தால் அமிலத்தில் இருக்கும் ஈயத்தைத்தான் அளப்பீர்கள்.

5. படகில்

காலையிலேயே போய்விடுங்கள். முகத்துவாரத்தில் ஏற்றமா வற்றமா என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் வற்றத்தில் எடுத்தால் ஆற்றுநீர், ஏற்றத்தில் எடுத்தால் கடல்நீர். கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடத்தில் இந்த வித்தியாசம் உப்பளவிலேயே பளிச்சென்று தெரியும்.

என்னை அழைத்துப்போன படகுக்கார அண்ணன் உதவி செய்கிறேன் என்று பாட்டில் கட்டிய கயிற்றைக் கையில் எடுத்தார். அதற்கு ஒரு நிமிடம் முன்புதான் வலையை ஓரமாகச் சுருட்டி வைத்திருந்தார். வலையின் அடிக்கயிறு முழுக்க ஈயக்குண்டு. நான் பதறியதைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஈயம் தேடித்தானே வந்தே? இங்கயே கெடக்குதே" என்று சிரித்தார். அன்று எடுத்த ஆறு பாட்டிலையும் கொட்டிவிட்டேன்.

அதிலிருந்து என் விதிகள்: வலை ஏற்றாத படகு, அல்லது வலையைக் கரையில் இறக்கிவிட்டு வரச் சொல்லி அதற்கும் சேர்த்து வாடகை. இன்ஜினை நிறுத்திவிட்டு, நீவாடு (நீரோட்டம்) வரும் பக்கம் பார்த்த முகப்பில் இருந்து எடுப்பது. பின்பக்கம் புகையும் டீசலும். படகின் அடியில் அடித்திருக்கும் பாசித்தடுப்பு வண்ணத்தில் தாமிரம் இருக்கலாம், அதனால் முடிந்தவரை கையை நீட்டி எடுங்கள். ஒருவர் வெளிப்பையை மட்டும் தொட வேண்டும், புதுக் கையுறை போட்ட இன்னொருவர் பாட்டிலை மட்டும். அதே இடத்து நீரில் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு நான்காவது முறை நிரப்புங்கள். ஒரு பாட்டில் சுத்த நீரைப் படகுக்கே எடுத்துப்போய், அங்கேயே திறந்து வேறு பாட்டிலில் ஊற்றி, மற்ற மாதிரிகளைப் போலவே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இந்தப் படகு பிளாங்க் ஒன்று கட்டாயம். இது இல்லாத தரவை என்னிடம் யாரும் காட்டினால் நான் மேற்கொண்டு படிப்பதில்லை.

6. அன்று மாலைக்குள் வடிகட்டி, அமிலம் சேர்க்க வேண்டும்

0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டுங்கள். வடிதாளையும் அமிலத்தில் ஊறவைத்திருக்க வேண்டும். முதலில் வரும் ஐம்பது மில்லியைக் கொட்டிவிடுங்கள். வடிகட்டியபின் லிட்டருக்கு இரண்டு மில்லி உயர்சுத்த நைட்ரிக் அமிலம், பிஎச் இரண்டுக்குக் கீழே போய்விடும். இந்த வரிசை முக்கியம். முதலில் அமிலத்தை ஊற்றிவிட்டால் சேற்றிலும் சாம்பல் துகளிலும் ஒட்டியிருந்த ஈயமெல்லாம் கரைந்து வந்துவிடும். அதை "கரைந்த ஈயம்" என்று எழுத முடியாது.

வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால், அமிலம் சேர்த்த திரவத்தைக் கூரியரில் எடுப்பார்களா என்று முன்பே கேளுங்கள். என் பெட்டி நான்கு நாள் கழித்து அப்படியே திரும்பி வந்தது. கடைசியில் நானே ரயிலில் போய்க் கொடுத்தேன்.

7. மின்முனையைத் தயார் செய்தல்

0.3 மைக்ரான் அலுமினாத் தூள், பிறகு 0.05 மைக்ரான். ஈரத் துணிப்பட்டையில் எட்டு வடிவத்தில், அழுத்தாமல், இரண்டு இரண்டு நிமிடம். சுத்த நீரில் அலசி அல்ட்ராசோனிக்கில் ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலில் ஒரு சைக்ளிக் வோல்டாமோகிராம் (மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் நகர்த்தி எடுக்கும் மின்னோட்ட வரைபடம்) ஓட்டுங்கள். இரண்டு பீக்குக்கும் இடைவெளி 80, 90 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 150 என்றால் மறுபடி தேய்க்கப் போங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் இதைத் தாண்டிப் போன நாட்களில் நான் எடுத்த எதுவும் உருப்படவில்லை.

8. அளவீடு

பிஎச் 4.5 அசிட்டேட் பஃபர், அதாவது பிஎச் எளிதில் மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல், பயன்படுத்துங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆய்வுக் கட்டுரைகளில் 0.1 மோலார் பஃபர் என்று போட்டிருக்கும். உங்கள் மாதிரியிலோ ஏற்கெனவே அமிலம் இருக்கிறது. சம அளவு 0.1 மோலார் பஃபர் ஊற்றினால் பிஎச் 3.5 பக்கம் இறங்கிவிடும், மின்முனையில் ஹைட்ரஜன் குமிழி கிளம்பும், பீக் கோணலாகும். ஐந்து மில்லி மாதிரிக்கு ஐந்து மில்லி ஒரு மோலார் பஃபர் சேர்த்தால் 4.5-க்குப் பக்கத்திலேயே நிற்கும். பிஎச் பார்க்கத் தனியாகக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள், அளக்கப்போகும் கரைசலில் பிஎச் மீட்டரை முக்காதீர்கள்.

மின்முனையில் பிஸ்மத் படலம் படிய, அதில் பிஸ்மத் லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் வரும்படி சேருங்கள். நான் வைத்திருக்கும் அமைப்பு: +0.3 வோல்ட்டில் 30 விநாடி சுத்தம், கலக்கிக்கொண்டே -1.2 வோல்ட்டில் 120 விநாடி படியவிடுதல், கலக்குவதை நிறுத்தி 15 விநாடி ஓய்வு, பிறகு 25 ஹெர்ட்ஸ், 25 மில்லிவோல்ட் வீச்சில் ஸ்கொயர் வேவ் (சதுர அலையாக மின்னழுத்தம் கொடுக்கும்) ஓட்டம். வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனைக்கு எதிராகக் காட்மியம் சுமார் -0.8, ஈயம் சுமார் -0.55 வோல்ட்டில் வரும். ஸ்கொயர் வேவ் என்பதால், கரைந்த ஆக்சிஜனை விரட்டும் நைட்ரஜன் சிலிண்டர் இல்லாமலே ஓட்டலாம். அந்தச் செலவு மிச்சம்.

பட்டை பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: அதில் இருக்கும் வெள்ளி ஒப்பீட்டுமுனை உங்கள் மாதிரியையே நேராகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. குளோரைடு பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் எல்லாப் பீக்கும் சுமார் 59 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். மழைக்குப் பிறகு எடுத்த கழிமுகத்து மாதிரியில் புதிதாக ஏதோ உலோகம் கண்டுபிடித்துவிட்டதாக நான் இரண்டு நாள் மிதந்தேன். ஈயம்தான், இடம் மாறி உட்கார்ந்திருந்தது. சந்தேகம் வந்தால் கொஞ்சம் ஈயம் சேர்த்துப் பாருங்கள். எந்தப் பீக் வளர்கிறதோ அதுதான் ஈயம்.

9. அளவுக்கோடு போடாதீர்கள், மாதிரியிலேயே சேர்த்து அளங்கள்

சுத்த நீரில் தெரிந்த அளவு ஈயத்தைக் கலந்து அளந்து அளவுக்கோடு போட்டு, அதில் கடல்நீரைப் பொருத்தினால் எப்போதும் தப்பாகத்தான் வரும். உப்பும் கரிமப் பொருட்களும் பீக்கை அமுக்கும். அதனால் ஸ்டாண்டர்ட் அடிஷன்: பத்து மில்லி கரைசலில், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் ஈயக் கரைசலில் இருந்து பத்து மைக்ரோலிட்டர் விட்டால் லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் கூடும். என் குறிப்பேட்டில் இருந்து ஒரு கணக்கு: சேர்க்காதபோது பீக் 0.60 மைக்ரோ ஆம்பியர், பிறகு 0.90, 1.21, 1.50. ஒரு மைக்ரோகிராமுக்கு 0.30 ஏறுகிறது. ஆக, முதலில் இருந்தது 0.60 ÷ 0.30 = 2 மைக்ரோகிராம். ஆனால் மாதிரியைப் பஃபரோடு பாதிக்குப் பாதி கலந்திருக்கிறோம், எனவே கடல்நீரில் 4. இந்த இரண்டால் பெருக்குவதை மறப்பது எல்லோரும் செய்கிற தப்பு. இதிலிருந்து பிளாங்கைக் கழித்தபின்தான் அது உங்கள் எண்.

சேர்க்கும் கரைசலை, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் என்று சான்றளித்த பாட்டிலில் இருந்து அன்றன்றைக்குத் தயாரியுங்கள். நேற்றைய நீர்த்த கரைசலில் பாதி பாட்டில் சுவரில் ஒட்டியிருக்கலாம்.

ஓர் ஓட்டத்துக்கு மூன்று நிமிடம், ஒவ்வொரு படியிலும் மூன்று முறை, நான்கு படி: நாற்பது நிமிடம். மெருகேற்றுவதையும் சேர்த்தால் ஒரு மாதிரிக்கு ஒரு மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு மாதிரிக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

பீக் வரவே இல்லை, அல்லது சேர்த்தும் வளரவில்லை என்றால் எண்ணெய், சோப்பு, மக்கிய கரிமப் பொருள் மின்முனையை மூடியிருக்கும். கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுப் புற ஊதா விளக்கில் வைத்துவிட்டு மறுபடி அளங்கள்.

10. குறுக்குச் சோதனை

ஐந்து மாதிரிகளையாவது இரண்டாகப் பிரித்து, ஐசிபி-எம்எஸ் (பிளாஸ்மாவில் அயனியாக்கி, நிறையை வைத்து உலோகத்தை அளக்கும் பெரிய கருவி) வைத்திருக்கும் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி. ஒன்று, கடல்நீரை ஏற்பார்களா? மூன்றரை சதவீத உப்பு அந்தக் கருவிக்கு ஆகாது. இரண்டு, எத்தனை மடங்கு நீர்க்கப் போகிறார்கள், நீர்த்தபின் கண்டறியும் எல்லை என்ன? நான் கட்டணம் கட்டிய ஒரு தனியார் ஆய்வகத்தில் இருந்து எல்லா மாதிரிக்கும் "கண்டறியும் எல்லைக்குக் கீழே" என்று அறிக்கை வந்தது. விசாரித்தால் ஐம்பது மடங்கு நீர்த்திருக்கிறார்கள். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறது என்று சொன்னால் போதாது, அந்த அங்கீகாரப் பட்டியலில் கடல்நீரும் உங்கள் உலோகமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிதி இருந்தால் கனடாவின் தேசிய ஆய்வு மன்றம் தயாரிக்கும் சான்றளித்த கடல்நீர் ஒரு பாட்டில் வாங்குங்கள். கடலோர நீருக்குக் காஸ்-6, திறந்த கடலுக்கு நாஸ்-7. சரக்குக் கட்டணமும் சுங்கமும் பயமுறுத்தும், வந்து சேர மாதங்கள் ஆகும். ஆகவே முதல் வாரத்திலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள். அதில் இருக்கும் ஈயம் மிகச் சொற்பம், இரண்டு நிமிடப் படிவு போதாது. படியும் நேரத்தை நீட்டிப் பழகியபின் திறங்கள்.

11. எண்ணை எழுதும்போது

வெறும் "ஈயம் 4" என்று எழுதாதீர்கள். வடிகட்டியதா, எத்தனை மைக்ரான், புற ஊதாவில் வைத்ததா, பிளாங்க் எவ்வளவு, எத்தனை முறை அளந்தது, ஏற்றமா வற்றமா, உப்பளவு என்ன என்பது எல்லாம் அதே வரியில் இருக்கட்டும். பிஸ்மத்தும் ஈயமும் கலந்த கழிவு நிறையச் சேரும். அதைத் தனிப் பாட்டிலில் பெயர் ஒட்டிச் சேர்த்து, நிறுவனத்தின் அபாயக் கழிவு எடுக்கும் ஆளிடம் கொடுங்கள்.

கரையில் உங்களிடம் கேட்கப்படும் கேள்வி வேறாக இருக்கும். படகுக்கார அண்ணன் என் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப மீனைத் துன்னலாமா, வேணாமா?" என்றார். தண்ணீரில் அளந்த எண்ணை வைத்து அதற்குப் பதில் சொல்லாதீர்கள். மீனின் சதையை அமிலத்தில் கரைத்துத் தனியாக அளக்க வேண்டும், அதற்கு உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் வரம்புகள் வேறு இருக்கின்றன. நான் அவரிடம் அப்படித்தான் சொன்னேன். அடுத்த வாரம் இரண்டு கிழங்கான் மீனை ஐஸில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.